யாம் ஜீப்பு வாங்கிய வரலாறு

உலகத்தில் பொருள்களை வாங்குவோர் பலர். தேர்ந்து வாங்குவோர் சிலர். அச்சிலருள் யாமும் ஒருவர் என்னும் செருக்கு எமக்கு நெடுநாள் இருந்தது. பழைய ஜீப்பு ஒன்று வாங்கப்போன இடத்தில் அச்செருக்கு அடங்கியது. அவ்வரலாற்றை நம் கல்லூரி அன்பர்க்கு உரைத்தல் ஒருகால் பயன்படக்கூடும் என்று கருதி ஈண்டு எழுதலானோம். தமிழ் பயிலும் மாணவனுக்கும் ஜீப்புக்கும் யாது இயைபு என வினவுவார் சிறிது பொறுத்தருள்க.

எம் ஊர் பழனிமலைத் தொடரின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர். காப்பியும் மிளகும் மலைவாழையுமே எம்மவர்க்கு வாழ்வு. தார்ச்சாலையை விட்டுப் பிரியும் மண்வழியில் ஆறு கிலோமீட்டர் சென்றால் எம் தோட்டம் வரும். இடையில் இரண்டு ஓடைகள் உண்டு. பாலம் ஒன்றும் இல்லை. வேனிற்காலத்தில் அவ்வழி புழுதி. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் முழங்காலளவு உளை. காப்பிப்பழம் சிவந்து பறிப்புக்கு வருவதும் மழை ஓயாது பெய்வதும் ஏறக்குறைய ஒரே பருவமாதலின், வண்டி மிகவும் வேண்டப்படும் காலத்திலேதான் வண்டி வராது. அக்காலத்தில் மூட்டைகளைக் குதிரைகள் சுமக்கும். நோயாளிகளை மனிதர் சுமப்பர்.

2023ஆம் ஆண்டு ஐப்பசியில் ஓரிரவு எம் தோட்டத்துப் பணியாளர் ஒருவரின் மனைவிக்குப் பேறுநோவு கண்டது. வாடகை ஜீப்புக்குச் சொல்லியனுப்பினோம்; அது முதல் ஓடையின் அக்கரைவரை வந்து, வெள்ளத்தைக் கண்டு திரும்பிவிட்டது. அப்பால் மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாக்கி, எண்மர் மாறிமாறித் தோள்கொடுத்துச் சென்றனர். யாம் விளக்குப் பிடித்து முன்னே நடந்தோம். தார்ச்சாலையை அடைந்தபோது விடியற்காலம் ஆகிவிட்டது. தாய் பிழைத்தாள், குழவி பிழைத்திலது.

அதற்குப்பின் எம் தந்தையார் பலநாள் மிகுதியாகப் பேசவில்லை. தை பிறந்து மிளகு விற்றபின் ஒருநாள் எம்மை அழைத்து, "கையில் மூன்று இலட்சம் இருக்கிறது. அதிலிருந்து உன் தங்கையின் கல்லூரிச் சம்பளத்துக்கும் எடுத்துவைக்க வேண்டும். மீதியில் ஒரு ஜீப்பு வாங்குவோம். கடன் வேண்டாம்," என்றார். எம் தாயார் அடுக்களையிலிருந்து, "வாங்கினால் மழையில் ஓடுகிற வண்டியாக வாங்குங்கள்," என்று மட்டும் சொன்னார்கள். அம்மூன்று சொற்றொடர்களுமே எமக்கு இலக்கணமாயின: விலை குறைந்திருத்தல் வேண்டும், கடன் கூடாது, மழையில் ஓடுதல் வேண்டும்.

நிற்க. ஜீப்பின் குலவரலாற்றைச் சிறிது கூறுவோம். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கச் சேனைக்கென வில்லிஸ், போர்டு ஆகிய கம்பெனியார் 1941 முதல் 1945 வரை இவ்வண்டியைப் பெருந்தொகையாகச் செய்து குவித்தனர். போர் முடிந்தபின் அஃது உழவர் கைக்கு வந்தது. பின்னர் மகிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பின் உறுப்புக்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியார் 1948இல் வெளியிட்ட லாண்ட்ரோவரும் வயல்வேலையை மனத்துட்கொண்டு செய்ததே. போர்க்களத்தின் சேற்றுக்குப் பிறந்த ஒரு பொருள் கழனியின் சேற்றுக்கு உதவிற்று என்க.

இவ்வண்டியின் சிறப்பு நான்கு சக்கரங்களும் இழுப்பதில் உள்ளது. எஞ்சினின் ஆற்றல் கியர்ப்பெட்டியைக் கடந்து, 'டிரான்ஸ்பர் கேஸ்' என்னும் மற்றொரு பெட்டியை அடையும். ஆண்டு ஒரு சிறு கைப்பிடியை நகர்த்தினால் அவ்வாற்றல் இரண்டாகப் பிரிந்து, ஒரு தண்டினால் பின்சக்கரங்கட்கும் வேறொரு தண்டினால் முன்சக்கரங்கட்கும் செல்லும். அப்பெட்டியிலேயே தாழ்கியர் ஒன்றும் உண்டு. அதனைப் பூட்டினால் விரைவு குறைந்து இழுவை பெருகும். காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டலாகாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களினும் மிகுந்த தொலைவு சுற்றவேண்டுதலின், இரண்டும் ஒன்றையொன்று முறுக்கி உறுப்புக்களைக் கெடுக்கும். சேற்றில் சக்கரம் சிறிது வழுக்கிக்கொடுத்தலின் அத்தீங்கு இல்லை.

இவையெல்லாம் எமக்குக் கற்பித்தவர் மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதிய மிஸ்திரியார். எம் தந்தையார் அவரை 'அண்ணன்' என்பர். யாம் 'பெரியப்பா' என்போம். எவ்வண்டி வாங்கலாம் என்று கேட்டபோது அவர் மூன்றினை எடுத்துரைத்தார். மாருதி ஜிப்சி 1985இல் வெளிவந்து 2019இல் பொதுவிற்பனை நின்ற வண்டி, எடை குறைந்தது, சேற்றில் எளிதில் ஏறும். ஆயினும் பெட்ரோல் குடிக்கும். மூட்டைக்கு இடமும் போதாது. 2010இல் தொடங்கிய தார் ஜீப்பில் விரைவும் வசதியும் மிகுதி. நல்ல நிலையிலுள்ளது எம் பணத்துக்கு எட்டாது. அன்றியும் அதன் டீசல் எஞ்சின்களுள் ஒருவகை கணினியால் இயங்குவது. மூன்றாவது, மகிந்திராவின் பழைய எம்.எம். 540, பியூஜோ கம்பெனியின் வழிவந்த டீசல் எஞ்சின் பூட்டியது. அதன் எண்ணெய்ப் பம்பும் பிறவும் கையால் தொட்டுத் திருத்தக்கூடிய இரும்புகளே. பாட்டரி தளர்ந்தாலும் நால்வர் தள்ளினால் புறப்பட்டுவிடும்.

"தம்பி, நடுக்காட்டில் நின்றுபோனால் ஸ்பானருக்குக் கட்டுப்படும் வண்டி வேண்டுமா, கம்ப்யூட்டர் கொண்டுவா என்று கேட்கும் வண்டி வேண்டுமா?" என்றார் மிஸ்திரியார். விடையும் அவ்வினாவிலேயே இருந்தது.

சித்திரைத் திங்களில் ஒருநாள் கீழ்நாட்டு நகரம் ஒன்றில் விலைக்கு நின்ற ஜீப்பைக் காணச் சென்றோம். அஃது அரத்தம்போற் சிவந்த புதுப்பூச்சுடன், அகன்ற சக்கரங்களும் கூரைமேல் நான்கு விளக்குகளும் பூண்டு நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கும் என்று பின்பலகையிலே பொறித்தும் இருந்தது. யாம் அதனைக் கண்ட மாத்திரத்தே மயங்கினோம். "அப்பா, இதனையே வாங்கலாம்," என்று, விற்பவர் செவியிற்படவே சொல்லிவிட்டோம். தந்தையார் எம்மை ஒருமுறை நோக்கினார். அந்நோக்கின் பொருள் பின்னர்த்தான் விளங்கிற்று. விற்பவரும் அக்கணமே பத்தாயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னார்.

மிஸ்திரியார் ஒன்றும் பேசாது, ஒரு கோணியை விரித்து வண்டியின் அடியிற் புகுந்தார். சிறிதுபோழ்தில் வெளிப்போந்து, "தம்பி, நீ வந்து பார்," என்றார். யாமும் புகுந்தோம். முன்சக்கரங்கட்குச் செல்லவேண்டிய தண்டே அங்கு இல்லை! உள்ளேயிருந்த சிறு கைப்பிடி இன்னிசையின்றி ஆடும் வாய்போல முன்னும் பின்னும் அசைந்ததேயன்றி, ஒன்றனையும் இயக்கவில்லை. சேஸின் இரும்பிலே துருப்பிடித்த ஓட்டையொன்றைத் தகடொட்டி மறைத்து, அதன்மேலும் பூச்சுப் பூசியிருந்தனர். பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கையில், அதிற் பெட்ரோல் என்று இருந்தது. வண்டியிலோ டீசல் எஞ்சின் இருந்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இத்தகைய மாற்றத்தை அதிகாரிகளிடம் முறைப்படி பதிவுசெய்தல் வேண்டும். அது செய்யப்படாத வண்டியை வாங்குவோன் பிறர் குற்றத்தையும் உடன் வாங்கியவனாவான்.

வழிநெடுக யாம் தலைகவிழ்ந்து வந்தோம். அணிகளை எண்ணி மகிழ்ந்து, பொருள் உண்டா என்று பாராமற் செய்யுளைப் புகழும் முதலாண்டு மாணவனின் பிழையை மூன்றாம் ஆண்டில் யாம் செய்தோம். மிஸ்திரியார், "வருந்தாதே தம்பி. பூச்சு என்பது கண்ணுக்கு. இரும்பைப் பார்க்க முதுகு மண்ணில் படவேண்டும்," என்றார். அச்சொல்லை யாம் மறந்திலோம்.

பத்துநாட் கழித்து, தோட்ட வேலையினின்று ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீட்டில் எம்.எம். 540 ஒன்று இருப்பதாகக் கேள்வியுற்றோம். விடியுமுன்னரே சென்று சேரவேண்டும் என்றார் மிஸ்திரியார். முன்கூட்டி ஓட்டிச் சூடேற்றிய எஞ்சின் தன் நோயை மறைக்கும் என்பது அவர் கூறிய காரணம். பலாமரத்தடியில் நின்றது அவ்வண்டி. சாம்பல்நிறம் வெளிறியிருந்தது, கித்தான் கூரையில் இரண்டு ஒட்டுக்கள், இருக்கையில் கோழி ஒன்று துயின்றுகொண்டிருந்தது. எமக்கு அதன்மேல் சிறிதும் விருப்பம் எழவில்லை. ஆயினும் இம்முறை வாய்திறவாதிருந்தோம்.

மிஸ்திரியார் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி நோக்கினார். எண்ணெய் கறுத்திருந்ததேயன்றி மோர்நிறம் கொள்ளவில்லை. மோர்நிறமாயின் எண்ணெயில் நீர் கலந்ததென்பது குறிப்பு. வண்டியைக் கிளப்பியபோது சிறிது வெண்புகை எழுந்து அடங்கியது. நீலப்புகை தொடர்ந்து வருமாயின் எஞ்சின் தன் எண்ணெயையே எரிக்கின்றது என்று அறியலாம். பின்னர்ச் சேஸ் முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி ஓசை கேட்டார். நல்ல இரும்பு கணீரென்னும். துருவேறியது மண்போல் ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டைகளை எண்ணினார். முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி ஆட்டினார். ஈற்றில், ஈரமண்ணில் அமைந்த ஒரு சரிவில் நான்கு சக்கரத்தையும் பூட்டித் தாழ்கியரில் ஏற்றினார். அவ்வாறே இறக்குகையில் கியர் தானே நழுவுகின்றதா என்று பார்த்தார். நழுவவில்லை.

இவற்றிற்கெல்லாம் முன்னரே அப்பெரியவர் தம் வண்டியின் குற்றங்களைத் தாமே எடுத்துரைத்துவிட்டார். "பிரேக் தேய்ந்துவிட்டது; வலப்பக்க முன்சக்கரத்தில் எண்ணெய் கசிகிறது; இரண்டு டயர் மாற்றவேண்டும். மற்றது என் அறிவுக்கெட்டிய அளவில் நன்றாக இருக்கிறது," என்றார். மிஸ்திரியார் கண்டவையும் அம்மூன்றே. பதிவு 1994ஆம் ஆண்டினது. முதற் பதினைந்தாண்டு கழிந்தபின் ஐயாண்டுக்கொருமுறை தவறாது புதுப்பித்திருந்தார். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்தன. இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் கேட்டார். பழுதுகளைக் காட்டி இரண்டு இலட்சத்துப் பத்தாயிரத்துக்கு முடித்தோம். பிரேக்குக்கும் டயருக்கும் நாற்பதாயிரம் ஆயிற்று. எஞ்சிய ஐம்பதாயிரம் எம் தங்கையின் பெயரால் வங்கிக்குச் சென்றது. பெயர்மாற்றப் படிவங்களில் ஒப்பமிடுகையில் அப்பெரியவர் வண்டியின் முகப்பைக் கையால் ஒருமுறை தடவிக்கொடுத்தார். அதனைக் கண்டபின்னரே எமக்கும் அதன்மேல் அன்பு பிறந்தது.

இனி, இவ்வண்டி எவ்விடத்தும் செல்லும் என்று நினைப்பார்க்கு ஒன்று சொல்லுவோம். 2024ஆம் ஆண்டு ஐப்பசியின் முதன்மழையிலேயே அஃது இரண்டாம் ஓடைக்கரையில் அகப்பட்டுக்கொண்டது. முன்சக்கரம் ஒன்றும், அதற்கு மூலைக்கு மூலையாய் நின்ற பின்சக்கரம் ஒன்றும் பிடிப்பற்றுச் சுழன்றன. எளிய வண்டிகளில் ஆற்றல் பிடிப்பில்லாத சக்கரத்துக்கே ஓடிவிடும் இயல்பினது. யாம் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டு நாணி அமர்ந்திருக்க, ஊரார் வந்து கல்லும் விறகும் இட்டு, கயிறு கட்டி இழுத்து மீட்டனர். அவருட் பலர் முன்னாண்டு டோலி சுமந்தவர். வண்டி வந்தமையால் அவர் தோள்கள் வேண்டாவாயின என்று எண்ணியிருந்தோம். அஃது எம் இரண்டாம் பிழை.

அவ்வாண்டு கார்த்திகையில் எம் ஊரில் வேறொரு பெண் நிறைசூலியாயிருந்தாள். நள்ளிரவில் நோவு கண்டு, வெள்ளத்தில் வண்டியை விரைந்தோட்டிப் பேரைக் காப்பது போன்ற நிகழ்ச்சி ஒன்றனை அன்பர்கள் எதிர்நோக்கலாம். அவ்வாறு ஒன்றும் நிகழவில்லை. குறித்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே, மழை சிறிது ஓய்ந்த ஒரு நண்பகலில், அவளை வண்டியில் ஏற்றி மெல்லமெல்ல ஓட்டிச்சென்று வத்தலக்குண்டில் உறவினர் வீட்டில் விட்டு வந்தோம். ஜீப்பின் பெரும்பயன் இரவில் விரைவதன்று, பகலிலேயே போய்விடக் கூடுவது என்பதனை அன்று உணர்ந்தோம். முன்னாண்டு தன் குழவியை இழந்த அத்தாயே அவளுக்குத் துணையாக முன்னிருக்கையில் அமர்ந்து வந்தாள். இரண்டு ஓடைகளையும் கடக்கும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை. தார்ச்சாலை வந்ததும், "இவ்வளவு தூரந்தானா?" என்றாள்.

குழவி நலமாகப் பிறந்தது. ஜீப்பு இன்றும் எண்ணெய் கசிந்துகொண்டும் காப்பி சுமந்துகொண்டும் ஓடுகின்றது. விடுமுறையில் ஊர்க்குச் செல்லும்போதெல்லாம் யாம் கோணியை விரித்து அதன் அடியிற் புகுந்து, கசிவு மிகுந்ததா என்று பார்த்து வருகின்றோம்.