துறைமுகச் சாலையும் தொலைதூரக் காடும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படும் கொமுட்டர் ரயில், பெட்டாலிங் ஜெயாவையும் ஷா ஆலமையும் கடந்து கிள்ளானை அடைந்து, அங்கிருந்து தெலுக் காடோங், கம்போங் ராஜா ஊடா, ஜாலான் கஸ்தாம் முதலிய சிறு நிலையங்களில் நின்று, கிள்ளான் துறைமுகத்தில் பயணத்தை முடித்துக்கொள்கிறது. கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கடைசிப் பகுதியில்தான் பண்டமாரான் இருக்கிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவும் செய்தியும் சென்று சேராமல் தடுப்பதற்காக, சிதறிக் கிடந்த மக்களைப் பிரிட்டிஷ் அரசு ஒரே இடத்தில் குடியமர்த்தியது. அவ்வாறு உருவான 'புதுக்கிராமங்கள்' என்னும் குடியிருப்புகளுள் பண்டமாரானும் ஒன்று. சீனர்களும் தமிழர்களும் மலாய்க்காரர்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூரைத் தேடி வனவிலங்கு ஆர்வலர் எவரும் பயணம் மேற்கொள்வதில்லை. எனினும், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிரினங்களைக் காக்கும் பொறுப்பு எதுவரை நீள்கிறது என்பதை அறிய விரும்புவோர், தேசியப் பூங்காக்களுக்குச் செல்லுமுன் இவ்வூர்ச் சாலையோரத்தில் சிறிது நேரம் நிற்பது நல்லது.

இச்சாலையில் இரவு பகலாகக் கொள்கலன் லோரிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு கொள்கலனின் கதவிலும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட அடையாள எண் எழுதப்பட்டிருக்கும். கதவின் தாழ்ப்பாளில், வெட்டினாலன்றித் திறக்க முடியாத எஃகு முத்திரை பூட்டப்பட்டிருக்கும். எண் உரிமையாளரைச் சொல்லும். முத்திரை கதவு திறக்கப்பட்டதா என்பதைச் சொல்லும். உள்ளே இருப்பது எது என்பதை இவ்விரண்டுமே சொல்வதில்லை. அதைச் சொல்வது சரக்குப் பட்டியல் என்னும் தாள் மட்டுமே. மேலும், கிள்ளான் துறைமுகம் 2023-ஆம் ஆண்டில் கையாண்ட சரக்கின் அளவு, இருபது அடிக் கொள்கலனை அலகாகக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம். அதில் பெரும்பகுதி நாட்டுக்குள் நுழையாமலே ஒரு கப்பலிலிருந்து இறக்கப்பட்டு மற்றொரு கப்பலில் ஏற்றப்படும் இடைமாற்றுச் சரக்கு. இத்தனை பெட்டிகளையும் திறந்து பார்ப்பது எந்தச் சுங்கத்துறைக்கும் இயலாத காரியம் என்பதைக் கடத்தல்காரர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

2012 டிசம்பரில், ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டிலிருந்து சீனாவுக்குச் சென்றுகொண்டிருந்த இரண்டு கொள்கலன்களை மலேசியச் சுங்கத்துறை இத்துறைமுகத்தில் சோதித்தபோது, மரப்பெட்டிகளின் இரகசிய அறைகளுக்குள் ஏறத்தாழ 1500 யானைத் தந்தங்கள் கிடைத்தன. பத்தாண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மற்றொரு கொள்கலனில், அறுத்த மரச் சட்டங்களுக்கு இடையே மறைத்து வைத்திருந்த 6 டன் தந்தமும் அதனுடன் காண்டாமிருகக் கொம்புகளும் எறும்புதின்னிச் செதில்களும் பிற விலங்குகளின் எலும்புகளும் கைப்பற்றப்பட்டன. அவற்றின் மதிப்பு 8 கோடி ரிங்கிட் என அதிகாரிகள் அறிவித்தனர். இருமுறையும் மரமே மறைவாகப் பயன்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

டன் என்ற அளவு இக்கொடுமையை மறைத்துவிடுகிறது. யானைத் தந்தத்தின் மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருப்பதால், அதை முழுமையாக எடுக்க விரும்புகிறவன் யானையின் முகத்தையே வெட்டிப் பிளக்கிறான்; ஆகவே 6 டன் என்பது அவ்வாறு முகமிழந்த பல நூறு யானைகளைக் குறிக்கும். எறும்புதின்னியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சில இடங்களில் அழுங்கு என்றும் வழங்கப்படும் இவ்விலங்கு, ஆபத்தை உணர்ந்தவுடன் உடலைச் சுருட்டிச் செதில்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். சிறுத்தையின் பல்லுக்கும் மசியாத இந்தத் தற்காப்பு, மனிதனிடம் மட்டும் பலிக்காமல் போகிறது, ஏனெனில் சுருண்டு கிடக்கும் விலங்கை அவன் கையால் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்கிறான். மருந்து என்று நம்பப்படும் அதன் செதிலும் காண்டாமிருகக் கொம்பும், மனித நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை.

இவ்வணிகத்தைத் தொலைவிலுள்ள எவரோ செய்யும் குற்றமாகக் கருதித் தமிழர்கள் ஒதுங்கிவிட முடியாது. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமைகள் சென்னையிலிருந்து மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் பெட்டிகளில் அடைத்துக் கடத்தப்பட்டு வந்துள்ளன. இதன் காரணமாகவே, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' என்னும் உடன்படிக்கை, 2019-இல் அந்த ஆமையை வணிகம் பொதுவாகத் தடைசெய்யப்பட்ட முதலாம் பட்டியலுக்கு மாற்றியது. எதிர்த்திசையிலும் இதே கதைதான்: 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணி ஒருவரின் பையில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. உறவினரைக் காணவும் திருமணத்துக்கும் கோயிலுக்கும் போய்வர மக்கள் பயன்படுத்தும் அதே விமானப் பாதை, உயிர்களைத் துணியில் சுற்றி மூச்சுத் திணறக் கொண்டுபோகும் பாதையாகவும் இருந்துவருகிறது. புலிநகம் கோத்த சங்கிலியைக் குழந்தைக்கு அணிவிக்கும் பழைய வழக்கமும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது. அது வீரத்தின் அடையாளமாக இருந்த காலத்தில் புலிகள் இருந்தன. 1950-களில் ஏறத்தாழ 3000 என மதிப்பிடப்பட்ட மலாயாப் புலிகள், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி 150-க்கும் குறைவு. நாட்டின் அரசுச் சின்னத்தை இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்கு, காட்டில் கம்பிச் சுருக்குகளில் கால் சிக்கிச் சாகிறது.

இழப்பு முழுமையாகும்போது அது எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குச் சிலாங்கூர் மாநிலத்திலேயே சான்று உண்டு. பண்டமாரானிலிருந்து வடக்கே, மாநிலத்தின் மறுகோடியில் அமைந்துள்ள சுங்கை டூசுன் வனவிலங்குக் காப்பகத்தில், சுமத்திராக் காண்டாமிருகங்களைக் காட்டிலிருந்து பிடித்துவந்து இனம்பெருக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அது வெற்றி பெறவில்லை. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கிருந்த ஐந்து காண்டாமிருகங்களும் சில வாரங்களுக்குள் இறந்துபோயின. பின்னர், மலேசியாவின் கடைசி ஆண் காண்டாமிருகமான 'தாம்' 2019 மே மாதத்திலும், கடைசிப் பெண்ணான 'இமான்' அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாளிலும் சபா மாநிலத்தில் இறந்தன. கொம்புக்காக நடந்த வேட்டையும் துண்டாடப்பட்ட காடும் எண்ணிக்கையைக் குறைத்தபின், எஞ்சியவை ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாமல் போயிற்று. நெடுங்காலம் இணைசேராத பெண் காண்டாமிருகங்களின் கருப்பையில் கட்டிகள் வளர்ந்து, கருத்தரிக்கும் ஆற்றலையே அழித்துவிடுகின்றன. அதாவது, துப்பாக்கி ஓய்ந்த பின்னும் அழிவு தன்போக்கில் தொடர்கிறது. சில உயிர்கள் எஞ்சியிருக்கும்போது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்வு இந்நாட்டில் இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை மலேசியா பின்தங்கியிருக்கவில்லை. சைட்டிஸ் உடன்படிக்கையில் 1977-இல் இணைந்த இந்நாடு, 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தி, கடுமையான குற்றங்களுக்கு 10 இலட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க வழி செய்தது. கைப்பற்றப்பட்ட தந்தங்கள் மீண்டும் சந்தைக்குப் போய்விடாதபடி, 2016 ஏப்ரலில் 9 டன்னுக்கும் மேற்பட்ட தந்தத்தை நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அரசே எரித்து அழித்தது. ஆயினும் சட்டம் செயல்படத் தொடங்குவதற்குத் தகவல் வேண்டும். தகவலோ பெரும்பாலும் சரக்கைத் தொடுகிறவர்களிடம்தான் முதலில் வந்து சேர்கிறது. சரக்குப் பட்டியலில் மரம் என்று இருக்க எடை பொருந்தாதிருப்பதைக் கவனிக்கும் எழுத்தர், அனுப்புநரின் முகவரி பொய்யெனத் தோன்றுவதை உணரும் முகவர், வழக்கத்துக்கு மாறான அவசரத்தைக் காணும் லோரி ஓட்டுநர் ஆகியோர் துறைமுகத்தைச் சார்ந்து வாழும் இத்தகைய ஊர்களில்தான் குடியிருக்கிறார்கள். அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள்.

எனவே, காட்டுக்கு ஒருபோதும் சென்றிராதவர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஐயத்துக்குரிய சரக்கைக் கண்டால் சுங்கத்துறைக்கோ, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறைக்கோ தெரிவியுங்கள். ஊருக்குப் போகும்போது பிறர் தரும் பையை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கிக்கொள்ளாதீர்கள். வீட்டில் புலிநகச் சங்கிலி இருந்தால், உரிய அனுமதியின்றி அதை வைத்திருப்பதே மலேசியாவிலும் இந்தியாவிலும் குற்றம் என்பதை அறிந்து, உரிய துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.