தீர்மான நோட்டு

எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கவே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நடந்தது, நோட்டில் நடந்தது. தலைமையாசிரியராக இருந்த காலத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவின் பெரும்பாலான கூட்டங்களை நான் ஒருவனே என் மேசையில் உட்கார்ந்து நடத்தி முடித்தேன். முன்மொழிந்ததும் வழிமொழிந்ததும் நான்தான். ஏகமனதாக நிறைவேற்றியதும் நான்தான். பிறகு ஐந்தாம் வகுப்பில் கொஞ்சம் விவரமான பையனாகப் பார்த்து நோட்டைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புவேன். சாயங்காலத்துக்குள் கையெழுத்தும் கைநாட்டுமாகத் திரும்பி வந்துவிடும். பக்க மடிப்புகளில் பீடித்தூள் ஒட்டியிருக்கும். தட்டிவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவேன்.

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஆண்களில் பாதிப் பேர் வெளியூரில் வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இந்தப் பெண்களுக்குத்தான் பள்ளியில் ஒரு நாற்காலி போட்டது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழுதான் தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தத் திட்டத்தை நான் எப்படித் தயாரித்தேன் தெரியுமா? போன வருடத்து நகலை எடுத்து வருடத்தை மட்டும் மாற்றுவேன். சுற்றுச்சுவர் வேண்டும், கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும். பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்ற ஒரு வரி எந்த வருடமும் அதில் இருந்ததில்லை.

ஆரம்பத்தில் முறையாகத்தான் அழைப்பு அனுப்பினேன். மாலை மூன்று மணிக்குக் கூட்டம் என்று போடுவேன். எங்கள் ஊர்க் கடையில் சுற்றிய பீடியை வாங்குவதும் அந்த நேரத்தில்தான். பீடியைக் கொண்டுபோய்க் கொடுத்து, சரியில்லை என்று கழித்ததுபோக மீதியைப் பாஸ்புக்கில் வரவு வைத்து, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வர வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். கடையைத் தாண்டித்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போவேன். இருந்தும் நேரத்தை மாற்றவில்லை. நாலேகால் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். மூன்று பேர் வந்த கூட்டத்தைக் காட்டி, ஆசிரியர்களுக்கான குறுவளமையக் கூட்டங்களில் "எங்க ஊர்ல பேரண்ட்ஸுக்கு அக்கறையே இல்ல சார்" என்று சொல்லிவிடுவேன். பக்கத்தில் இருப்பவரும் தன் ஊரைப் பற்றி அதையே சொல்வார். அந்த வாக்கியத்தில் எங்களுக்கு ஒரு சுகம் இருந்தது.

அதற்கு முன்னால், செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் செய்தது இன்னும் மோசம். ரிஷி பள்ளத்தாக்கில் வேர் பிடித்த முறை அது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. பாடமெல்லாம் அட்டைகள். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று சுவரில் ஏணிப்படி. அட்டைகள் பள்ளியிலேயே இருக்கும், பிள்ளை வெறும் பையோடு வீட்டுக்குப் போகும். தாய்மார்கள் வாசலில் வந்து, "புஸ்தகமே கொண்டார மாட்டேங்காளே சார், படிக்காளா இல்லியா?" என்று கேட்டார்கள். "இது புது முறைம்மா, உங்களுக்குப் புரியாது" என்றேன்.

புரியாமல் என்ன! அந்த ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் உண்டு. எழுத்து தெரியாத தாயைக்கூட உள்ளே கூட்டிவந்து, "உங்க பிள்ளை இந்தப் படத்துல நிக்கா, போன மாசமும் இங்கதான் நின்னா" என்று விரல் வைத்துக் காட்டியிருக்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் பிள்ளையின் படிப்பைக் கண்ணால் காட்டக்கூடிய ஒரு கருவி என் சுவரில் வருடக்கணக்காகத் தொங்கியது. நான் காட்டவில்லை. காட்டினால், போன மாதமும் அங்கேயே ஏன் நிற்கிறாள் என்ற கேள்வி வருமே.

வீட்டுப்பாடத்துக்கு மட்டும் குறைவே வைக்கவில்லை. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்ன பிறகும் கொடுத்தேன். பிள்ளைகள் கற்பதற்காகக் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் எழுதாமல் வந்தால் "வீட்டுல யாரும் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்க ஒரு பிடி வேண்டும். சில நோட்டுகளில் எதிர்வீட்டு அக்காவின் கையெழுத்து அப்பட்டமாகத் தெரியும். அதற்கும் சிவப்பு மையில் டிக் போட்டு, 'பார்வையிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை உருப்படியாக ஒன்று செய்தேன். ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் விடாமல் நச்சரித்ததால், இரவு எட்டு மணிக்குப் பிள்ளையார் கோயில் திண்ணையில் கூட்டம் போட்டோம். கூட்டம் என்றால் கூட்டம், உட்கார இடமில்லை. பாதிப் பேர் தட்டோடு வந்து, பேசப் பேச சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றுச்சுவரில் ஆரம்பித்தேன். ஓர் ஆச்சி கையை நீட்டி நிறுத்தினாள். மகனும் மருமகளும் திருப்பூரில் இருக்க, பேரனை வளர்ப்பவள்.

"செவுரு கெடக்கட்டும் சார். எம் பேரன் அஞ்சாவது படிக்கான். பஸ்ஸு போர்டு வாசிக்கச் சொன்னா முழிக்கான். அஞ்சு வருசமா உங்ககிட்டதான வாரான்?"

அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். எழுத்துக் கூட்டத் திணறுவான். மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டியதை ஏற்றினேன், பதிவேட்டில் கிரேடு போட்டேன், மேல் வகுப்புக்கு அனுப்பினேன். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்பது உண்மைதான். அதையாவது அந்தத் திண்ணையில் வைத்துச் சொல்லியிருந்தால், இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று ஊரே மனு எழுதியிருக்கும். நான் சொன்னது வேறு: "வீட்டுலயும் கொஞ்சம் கவனிக்கணும் ஆச்சி."

அவள் பதில் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவள் பேசினாள். அப்புறம் எல்லோரும் பேசினார்கள். டீச்சர் லீவு போட்டால் யார் பாடம் எடுக்கிறார்கள், பத்து மணிக்கு மேலும் பிள்ளைகள் ஏன் வெளியே நிற்கின்றன என்று கேள்விமேல் கேள்வி. அக்கறை இல்லாத ஊர் என்று எந்த வாயால் சொன்னேனோ, அந்த வாயைத் திறக்க முடியவில்லை.

அடுத்த மாதம் திண்ணைக்குப் போகவில்லை. மழைக்காலம் என்று சாக்கு. நோட்டு மறுபடியும் வீடு வீடாகப் போனது. ஆச்சி மட்டும் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாளாம். கூட்டம் என்றைக்கு நடந்தது என்று சாரிடம் கேட்டு வரச் சொன்னாளாம். நோட்டைச் சுமந்து வந்த பையன் என் மேசை முன்னால் நின்று அப்படியே கேட்டான்.

"போய் உன் இடத்துல உக்காருடா" என்றேன்.