பல்தண்டவாளப் பாதையும் ஒளிப்பட ஆர்வலரும்

கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள உதகமண்டலத்தில் முடியும் நீலகிரி மலை ரயில்பாதையின் நீளம் 46 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. அந்தத் தூரத்தை ஏறிக் கடக்க வண்டிக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் திறக்கப்பட்ட இப்பாதை, முன்பே பட்டியலில் இடம்பெற்றிருந்த டார்ஜிலிங் மலை ரயிலுடன் இணைக்கப்பட்டு, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. தென்னிந்தியாவில் ஒளிப்பட ஆர்வலர்கள் மீண்டும் மீண்டும் வரும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஒளிப்பட ஆர்வலர் என இங்கே குறிக்கப்படுபவர், வங்கியிலோ பள்ளியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை பார்த்து, சம்பளத்தில் ஒரு பகுதியைக் கேமராவுக்கும் லென்சுக்கும் ஒதுக்கி, விடுமுறை நாள்களில் படம் எடுப்பவர் ஆவார். இப்பாதையை முனையிலிருந்து முனைவரை அவருடைய தேவைகளின் வழியாகப் பார்த்தால், படத்தின் தரத்தைக் கேமராவின் விலை தீர்மானிப்பது மிகக் குறைவு என்பதும், கால அட்டவணையும் வெயிலின் திசையும் வீட்டில் நடக்கும் பராமரிப்பும் தீர்மானிப்பதே அதிகம் என்பதும் தெளிவாகும்.

பயணம் மேட்டுப்பாளையத்தில் அல்ல, வீட்டுக் கூடத்தில் உள்ள மின்இணைப்புப் பலகையின் அருகில்தான் தொடங்குகிறது. பெட்டிகள் சில, இருக்கைகள் குறைவு என்பதால் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே, அதாவது பயணத்துக்கு 60 நாள் முன்பே, இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அலுவலக விடுப்பும் பிள்ளைகளின் தேர்வு அட்டவணையும் அதற்கேற்ப ஒழுங்கு செய்யப்பட வேண்டும். பழைய பாணிப் பெட்டிகளில் கேமராவின் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்துகொள்ளலாம் என்று நம்பிச் செல்ல இயலாது. ஆகவே முதல்நாள் இரவே மாற்று பேட்டரிகள் அனைத்தையும் நிரப்பி, மெமரி கார்டுகளில் உள்ள பழைய படங்களைக் கணினிக்கு மாற்றி, கார்டுகளைக் கேமராவிலேயே துடைத்துத் தயார்செய்வது வழக்கம். கைபேசி, ப்ளூடூத் ஒலிக்கருவி, மனைவியின் மடிக்கணினி, கேமரா என எல்லாம் ஒரே பலகையில் வரிசைக்கு நிற்கும் வீட்டில், இந்தச் சிறு ஏற்பாட்டுக்கே குடும்பத்தின் ஒப்புதல் தேவைப்படுகிறது என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ், அதிகாலையில் மேட்டுப்பாளையம் வந்தடைகிறது. 1,676 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அகலப்பாதை இங்கே முடிந்து, 1,000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர்கேஜ் பாதை தொடங்குகிறது. மலை வண்டி காலை ஏழு மணியை ஒட்டிப் புறப்படுவதால், வெளிச்சம் இன்னும் மென்மையாக இருக்கும்போதே நீலமும் வெண்மஞ்சளும் பூசிய பெட்டிகளை நடைமேடையில் நின்று நிதானமாகப் படம்பிடிக்க முடிகிறது. பவானி ஆற்றைக் கடந்து, பாக்குத் தோப்புகளின் ஊடே கல்லாறு வரை செல்லும் ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் பாதை ஏறக்குறையச் சமதளமானது. இங்கே ஒளிப்பட ஆர்வலர் செய்ய வேண்டியது, தமது பெட்டி எதுவென்று அறிந்து அதற்கேற்பத் திட்டமிடுவது மட்டுமே. ஏறும் வண்டியில் எஞ்சின் முன்னால் இருப்பதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் அது எப்போதும் பள்ளத்தின் பக்கமே இணைக்கப்படுகிறது. ஏறும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, இறங்கும்போது முன்னால் நின்று தாங்குகிறது. ஆகவே ஏறும் வண்டியின் முன்பெட்டியில் இருப்பவருக்கு, பாதை வளையும் இடங்களில் பின்னோக்கிப் பார்த்தால் மட்டுமே எஞ்சின் தென்படும். கடைசிப் பெட்டியில் இருப்பவருக்கு அதன் ஓசையும் புகையும் கிடைக்கும், முழு உருவம் கிடைப்பது அரிது. பெட்டிக்குப் பெட்டி செல்ல உள்வழி இல்லாத இவ்வண்டியில், இருக்கை எண்ணே படத்தின் கோணத்தை முடிவுசெய்துவிடுகிறது.

கல்லாற்றில் பாதையின் தன்மை அடியோடு மாறுகிறது. இங்கிருந்து குன்னூர் வரையிலான ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் வண்டி சுமார் 1,300 மீட்டர் உயர வேண்டும். சில இடங்களில் 12 அடி முன்னேற ஓரடி உயர வேண்டியிருக்கிறது. மழுமழுப்பான தண்டவாளத்தின்மேல் மழுமழுப்பான இரும்புச் சக்கரம் இத்தகைய சரிவில் வழுக்கிவிடும் என்பதால், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டப்பட்ட இரும்புப் பட்டைகள் இரண்டு பதிக்கப்பட்டுள்ளன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவை அமைக்கப்பட்டிருப்பதால், எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் எந்நேரமும் ஏதேனும் ஒரு பல்லைப் பற்றியே இருக்கும். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்த எக்ஸ் வகை எஞ்சின்களும், அவற்றை ஒட்டித் திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையில் பிற்காலத்தில் கட்டப்பட்டவையும் நான்கு சிலிண்டர்கள் கொண்டவை. அவற்றுள் இரண்டு சாதாரணச் சக்கரங்களையும் மற்ற இரண்டு பற்சக்கரங்களையும் இயக்குகின்றன.

இந்த இயந்திர அமைப்பே ஒளிப்பட ஆர்வலருக்குப் பெரும் சலுகை அளிக்கிறது. பற்பட்டைப் பகுதியில் வண்டி மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் செல்வதில்லை. அதாவது நொடிக்கு மூன்றரை மீட்டர் அளவே நகர்கிறது. ஷட்டர் வேகம் என்பது கேமராவின் உணரியில் ஒளி விழ அனுமதிக்கப்படும் நேரம். அதை நொடியில் 250இல் ஒரு பங்காக வைத்தால், அந்நேரத்தில் எஞ்சின் ஒன்றரை சென்டிமீட்டர்கூட நகர்ந்திருக்காது, படம் கூர்மையாகவே இருக்கும். விலை மலிந்த பழைய கேமராவும் இதை எளிதில் செய்யும். மாறாக 30இல் ஒரு பங்காகக் குறைத்து, வண்டியின் போக்குக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுத்தால், எஞ்சின் தெளிவாகவும் பின்னணிக் காடு கோடுகளாக இழைந்தும் அமையும்; இதற்கு வேண்டியது கைப்பழக்கம், கடையில் கிடைக்கும் பொருளன்று. வேகமான ரயில்களை எடுப்பதற்கென விற்கப்படும் விலையுயர்ந்த கருவிகளுக்கு இப்பாதையில் வேலை குறைவு என்பதை, அவற்றை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒப்புக்கொள்வது அரிது.

உண்மையான சிக்கல் வேகத்தில் இல்லை, ஒளியில் இருக்கிறது. கேமராவின் ஒளியளவி, தன் முன்னுள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று கருதிக் கணக்கிடுகிறது. கரும்பச்சைக் காடு சட்டகத்தை நிறைக்கும்போது அது ஒளியை அதிகமாக அனுமதிப்பதால், வெண்ணீராவி விவரமேதுமற்ற வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. நீராவியே சட்டகத்தை நிறைக்கும்போது அது ஒளியைக் குறைத்து, வெண்மையைச் சாம்பலாக்கிவிடுகிறது. இரண்டும் ஒரே வளைவில் அடுத்தடுத்து நிகழக்கூடும் என்பதால், தானியங்கி முறையை நம்பாமல் அளவுகளைக் கையாலேயே நிலைநிறுத்துவது இங்கே பொருத்தமானது. பாதையில் உள்ள 16 சுரங்கங்கள் வேறொரு பாடம்: உள்ளிருந்து வாயிலை நோக்கி எடுப்பவர், பாறையைக் காட்டுவதா வெளிப்பள்ளத்தைக் காட்டுவதா என்று முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். குன்னூர்ச் சரிவு நீலகிரியின் தென்கிழக்கு விளிம்பில் அமைந்திருப்பதால், காலை வெயில் ஏறும் வண்டியின்மீது நன்கு விழுகிறது. பிற்பகலில் உதகையிலிருந்து இறங்கும் வண்டி இப்பகுதிக்கு வரும்போது மலையின் நிழல் முந்திக்கொள்கிறது. இரண்டில் ஒன்றுக்கே விடுப்பும் பணமும் உண்டு என்றால், ஏறும் வண்டியையே தேர்ந்தெடுப்பது நல்லது.

எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் நிலையத்தில் பயணிகள் இறங்கித் தேநீர் அருந்துவர். உணவுப் பொட்டலங்களுக்கும் பைகளுக்கும் குறிவைக்கும் குரங்குகள் அங்கே மிகுதி. லென்ஸ் மாற்றுவதற்கு அதைவிட மோசமான இடம் பாதையில் இல்லை. நிலையத்தைத் தாண்டித் தண்டவாளத்தில் நடப்பது வேறு வகை ஆபத்து. இது யானைகள் நடமாடும் காடு என்பதோடு, அனுமதியின்றி ரயில்வே நிலத்தில் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமுமாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் இப்பகுதிப் போக்குவரத்து நிறுத்தப்படுவதும் உண்டு. அந்த ஆண்டின் திட்டம் அப்படியே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

இந்த மலைக்கு ரயில் வருவதற்கு முன்பே ஒளிப்படக் கலை வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உதகையில் வாழ்ந்து தொழில்செய்த ஏ. டி. டபிள்யூ. பென், நீலகிரியின் நிலக்காட்சிகளையும் மக்களையும் பதிவுசெய்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அக்காலத்தில் வழங்கிய ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் ரசாயனக் கூழைப் பூசி, அது உலரும் முன்பே படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். ஆகவே வெளியூர் செல்லும் படக்காரர் இருட்டறையையே கூடாரமாகச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. தோள்பை கனக்கிறது என்று முறையிடும் இன்றைய ஆர்வலருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

குன்னூரில் நீராவி எஞ்சின் விடைபெற, டீசல் எஞ்சின் பொறுப்பேற்கிறது, பற்பட்டையும் முடிந்துவிடுகிறது. வெலிங்டன் ராணுவப் பகுதி, அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை வளாகம். இவற்றின் அருகே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவதே முறை. தொடர்ந்து வரும் கேத்தி, பாலு மகேந்திரா எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்த ‘மூன்றாம் பிறை’ (1982) படத்தின் இறுதிக் காட்சியால் தமிழ் பார்வையாளர்களின் நினைவில் நிலைத்த நிலையம். 1998இல் மணிரத்னத்தின் ‘உயிரே’ படத்துக்காகச் சந்தோஷ் சிவன் இதே ரயிலின் கூரைமீது ஆடலைப் படமாக்கினார். இவ்விரு படங்களின் சட்டகங்களை மனத்தில் சுமந்துவந்து அவற்றையே மீண்டும் எடுத்துச் செல்பவர்கள் பலர். கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறிப் படிக்கட்டு வயல்கள் அதனால் படம் பெறாமலே போகின்றன. பாதையின் மிக உயர்ந்த நிலையமான லவ்டேலைக் கடந்தபின், வண்டி சற்று இறங்கி உதகையை அடைகிறது.

திரும்பும் பயணத்தில்தான் கருவிகளுக்குக் கேடு நேர்கிறது. உதகையின் குளிரில் சில்லிட்ட கேமராவைச் சமவெளியின் ஈரமான வெப்பக்காற்றில் உடனே வெளியே எடுத்தால், காற்றின் ஈரம் லென்சின்மேலும் உள்ளேயும் நீர்த்துளியாகப் படியும். ஆகவே மலையிலேயே அதைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு மூடி, வீட்டின் வெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். ஈரம் தொடர்ந்து தங்கும் லென்சின் கண்ணாடிகளுக்கிடையே பூஞ்சை நூல்நூலாகப் படர்ந்து, மேற்பூச்சை அரித்துவிடும். காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் மின்பெட்டிகள் இதற்கென விற்கப்படுகின்றன. இயலாதவர்களுக்கு, இறுக்கமாக மூடும் டப்பா ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளும், சிறிய ஈரமானியும் போதும். ஈரமேறினால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உப்பு கலந்திருப்பதால், அவற்றைச் சமையல் வாணலியில் வறுத்து உலர்த்தும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. படங்களைப் பொறுத்தவரை, ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைப்பது வைக்காததற்குச் சமம். இரண்டு வட்டுகளில் பிரதிகளும், வீட்டுக்கு வெளியே மூன்றாவது பிரதியும் இருப்பதே பாதுகாப்பு.

ஈரமும் தூசியும் ஒளிப்படத்தின் பகைவர்கள் என்ற இதே காரணத்தால்தான், இந்தியாவின் ஒளிப்படச் சுருள் தொழிற்சாலையும் இப்பாதை முடியும் ஊரில் அமைந்தது. 1960இல் மத்திய அரசு நிறுவிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், உதகையின் தூசு குறைந்த குளிர்ந்த காற்றை நம்பி, பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருள்களையும் அச்சுத்தாள்களையும் எக்ஸ்ரே சுருள்களையும் அது நாடெங்கும் அனுப்பியது. தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு இந்துநகர் எனப்பட்டது. வெளிநாட்டுச் சுருள்களின் போட்டியும் அடுத்து வந்த டிஜிட்டல் கேமராவும் அதை நலிவடையச் செய்ய, ஆலை மூடப்பட்டுவிட்டது. அதன் சுருள்களில் எடுக்கப்பட்ட நெகடிவ்கள் இன்றும் பல வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் கிடக்கின்றன. அக்காலச் சுருள்களில் பெரும்பாலானவற்றின் அடித்தளமாகிய செல்லுலோஸ் அசிட்டேட், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாடை வீசத் தொடங்கும். ஒரு சுருளில் தொடங்கிய சிதைவு அருகிலுள்ளவற்றையும் விரைவுபடுத்தும். அத்தகைய நெகடிவ்களை வைத்திருப்போர், வாடை வருபவற்றை உடனே தனியே பிரித்து, முதலில் அவற்றை ஸ்கேன் செய்து, எஞ்சியவற்றைக் காகித உறைகளில் இட்டு, வீட்டின் மிகக் குளிர்ந்த, உலர்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்.