வலி சொல்லாத நெஞ்சு

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்றே பலரும் எண்ணுகிறோம். நெடுங்காலம் நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த வலி வராமலே போகலாம். சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் நரம்புகள் கெட்டுவிடுகின்றன. என் பாட்டிக்கு 20 ஆண்டுகளாக நீரிழிவு. காலில் முள் குத்தியதையே இரத்தத்தைப் பார்த்துத்தான் அறிவார். அப்படியானால் நெஞ்சு?

“ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம்” என்றார் மாமா. டாக்டரம்மாவோ, “மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, பாட்டி?” என்று பலவும் விசாரித்து, இ.சி.ஜி. மட்டும் எடுத்தார். பிறகு அவர் சொன்ன செய்தி எங்களுக்கு வியப்பளித்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதய நோயின் அறிகுறியே இல்லாத 1,123 நீரிழிவு நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இதய ஸ்கேன் செய்து, ஏறத்தாழ 5 ஆண்டுகள் கவனித்தார்களாம். 2009-இல் முடிவு வெளிவந்தது. ஸ்கேன் செய்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மறைந்திருந்த குறை தெரிந்தது. ஆயினும் மாரடைப்போ இதய நோயால் மரணமோ நேர்ந்தவர்கள் அப்பிரிவில் 15 பேர், மற்றதில் 17 பேர். அவ்வளவுதான் வேறுபாடு! இரு பிரிவினருமே இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நல்ல மருந்துகள் உட்கொண்டு வந்தனர்.

மாமாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. எனக்கு டாக்டரம்மாவின் பேச்சே சரியெனப் படுகிறது. பாட்டி மாத்திரையை மறப்பார். ஞாயிறு திருப்பலி முடிந்து வாங்கும் கேக்கை மறக்கவே மாட்டார்! ஆகவே மாத்திரை டப்பா இப்போது என் பொறுப்பு. காரணமின்றி வியர்த்தாலோ மூச்சுத் திணறினாலோ, வலிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரும்படி டாக்டரம்மா எழுதித் தந்த தாள், செபமாலை தொங்கும் ஆணியிலேயே இருக்கிறது.