கழுவிய பஞ்சு

ஆனி மாதத்தில் பண்பொழியின் வெயிலை நம்ப முடியாது. மேக்கரைப் பக்கமிருந்து காற்று இறங்கும், திருமலைக்கோயில் குன்று பாதி மேகத்துக்குள் போய்விடும், பத்து நிமிஷம் சாரல், பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில். அப்படி வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மீன்தொட்டியின் ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்த பஞ்சு கரும்பழுப்பாக, தொட்டால் வழுக்கிக்கொண்டு, ஒரு மாதிரி சேற்று வாசத்தோடு இருந்தது. ஊர்க்குழாயில் தண்ணீர் வரும் நாள் அது. தண்ணீர் தெளிவாக வரும்வரை பிழிந்து பிழிந்து அலசினேன். மழைக்காலம் என்பதால் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. நல்லது, கிருமியெல்லாம் சாகும் என்று நினைத்துக்கொண்டேன். அலசியது போதாதென்று கொடியில் கிளிப் போட்டு மாலைவரை காயவும் வைத்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது. மனைவியிடம் காட்டிப் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

தொட்டி மகளுடையது. மூன்றடி நீளம், ஏறத்தாழ 120 லிட்டர், ஏழு கோல்டு ஃபிஷ். அவள் கல்லூரிக்காகக் கோயம்புத்தூர் போனபோது தாத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அம்மா போனபிறகு மூன்று வருஷமாக எதிலும் ஒட்டாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, தானாக ஏற்றுக்கொண்ட ஒரே வேலை அது. காலையும் மாலையும் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் கை நீண்டதும் ஏழும் கண்ணாடிக்கு ஓடிவரும்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அப்பாதான் எழுப்பினார். "ஏல, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது, வந்து பாரு." ஏழும் நீர்ப்பரப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றுக்குழாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது, குமிழிகள் வந்துகொண்டுதான் இருந்தன. செவுள்கள் மட்டும் அளவுக்குமீறிச் சிவந்திருந்தன. தொட்டியின் தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி இருந்தது.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். அம்மோனியா என்று உடனே தோன்றியது. மீன் தன் உடலில் சேரும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதியை நம்மைப்போல் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுவதில்லை. அம்மோனியாவாகவே செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடும். சுற்றியிருக்கும் தண்ணீரிலேயே அம்மோனியா கூடிவிட்டால் உள்ளே இருப்பது வெளியே போக வழியில்லை, இரத்தத்திலேயே தங்கும். செவுளும் கெட்டுவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும்.

ஏன் கூடியது? அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினால் அம்மோனியா. தீனி போடுவது யார்?

"எத்தனை தடவ சொன்னேன்ப்பா, அள்ளி அள்ளிப் போடாதீங்கன்னு."

"ரெண்டு வேளதாம்ல போட்டேன். அளந்துதான் போட்டேன்."

"அளந்து போட்டா இப்படி ஆகுமா? இனிமே நீங்க தொட்டிப் பக்கமே போகாதீங்க."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்த் திண்ணையில் போட்டு உட்கார்ந்தார்.

பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பழைய தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து வைத்துக்கொண்டு, பாதித் தொட்டியை இறைத்துக் கொட்டினேன். அன்று குழாயில் தண்ணீர் வராத நாள். மாடித் தொட்டியிலிருந்த போர் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பினேன். பாதித் தண்ணீரை மாற்றினால் அம்மோனியாவும் பாதியாகும், கணக்கு சரிதான்.

ஆய்வகத்தில் நெஸ்லர் கரைசல் இருந்தது. பிளஸ் டூ படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கலாம், சால்ட் அனாலிசிஸில் அம்மோனியம் இருந்தால் பழுப்பு வீழ்படிவு தரும் கரைசல். பாதரசம் கலந்தது, பிள்ளைகள் கையில் அதிகம் கொடுப்பதில்லை. தண்ணீரில் கொஞ்சமே இருந்தாலும் மஞ்சள் காட்டும். குடிதண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன், நிறமில்லை. தொட்டித் தண்ணீரில் விட்டேன். மஞ்சள்கூட இல்லை, கடுங்காப்பிக்கு முந்தின நிறம். பழக்கத்தில் பி.எச். தாளையும் முக்கிப் பார்த்தேன். 7.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. மனைவி. "ரெண்டு செத்துப்போச்சுங்க. நீங்க போனப்ப இருந்ததவிட இப்பத்தான் ரொம்ப மோசமா இருக்கு."

தண்ணீர் மாற்றியபிறகு மோசமா? ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. வருஷா வருஷம் கரும்பலகையில் நான் எழுதும் சமநிலைதான் அது. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டு அம்மோனியமாக இருப்பது மீனுக்கு அவ்வளவு கெடுதலில்லை. அயனியைச் சேர்க்காமல் வெறும் அம்மோனியாவாக இருப்பதுதான் செவுளுக்குள் நுழையும் நஞ்சு. 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 இருக்கும்போது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நஞ்சு வடிவம் இருக்கும். பி.எச். 8 ஆனால் நூற்றில் ஆறு பங்குக்கு மேல். எங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அதன் பி.எச். 8 என்று மாணவர்களை வைத்து நானே அளந்து நோட்டில் எழுதச் சொன்னவன். காலையில் மொத்த அம்மோனியாவைப் பாதியாக்கினேன், நஞ்சை மூன்று நான்கு மடங்காக்கியிருக்கிறேன். அதுவரை அந்த ஏழு உயிரையும் தாங்கிப்பிடித்தது தண்ணீரின் மென்மைதான்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் மூன்றாவதும் போயிருந்தது. தீனி டப்பாவை எடுத்துப் பார்க்கப் போனபோது அதன்மேல் ஒரு காலித் தீப்பெட்டியின் உள்கூடு இருந்தது. அதில் பேனாவால் ஒரு கோடு. மகளின் கையெழுத்தில் 'தாத்தா, இதுவரை மட்டும்'. கோடுவரை தீனியை நிரப்பித் தராசில் வைத்தேன் (வீட்டில் நகை நிறுக்கும் சின்னத் தராசு உண்டு). டப்பாவில் குறைந்திருந்த அளவையும் அவள் போன நாட்களையும் வைத்து வகுத்தேன். அப்பா ஒரு வேளைகூடக் கூட்டிப் போட்டிருக்கவில்லை. இரண்டு நாள் குறைத்துத்தான் போட்டிருந்தார்.

அப்புறம்தான் கொடியில் இன்னும் மாட்டியிருந்த அந்த கிளிப்பைப் பார்த்தேன்.

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நீளமான குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, அதன் வழியே சாக்கடைத் தண்ணீரை மெல்ல இறக்கினார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளியே வர ஆரம்பித்தது. குழாயில் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றுபோனது. அதை வெளியேற்றிவிட்டுக் கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றியதும் மறுபடி தொடங்கியது. இதைச் செய்வது வெறும் ரசாயனம் இல்லை, ஏதோ உயிர் என்று அப்படித்தான் தெரிந்தது. அந்தப் பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தது 1890இல். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டும் மெதுவாகப் பெருகுபவை. தயிர் உறைகிற வேகத்தை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

அந்தப் பஞ்சின் வழுவழுப்பு அவைதான். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் அலசி, மிச்சமிருந்ததை வெயிலில் காயவைத்து, பிரெஞ்சுக்காரர்களின் குளோரோஃபார்ம் வேலையை நான் கிளிப் போட்டுச் செய்திருக்கிறேன்.

அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். திண்ணைவரை போனேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, தீனியால இல்ல. நான் பஞ்சக் கழுவினதுதான்" என்றேன். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, வார்த்தையும் வரவில்லை. என்ன நடந்தது என்று நீளமாக விளக்கிக்கொண்டே போனேன், வகுப்பில் பேசுவது மாதிரி. அம்மோனியா என்றதும் மட்டும் திரும்பினார்.

"யூரியாச் சங்கதியா?"

"அதேதான்."

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? வயல்ல தண்ணிய வடிச்சிட்டுத்தாம்ல யூரியா போடணும். நிக்கிற தண்ணியில போட்டா தவளக்குஞ்செல்லாம் செத்து மெதக்கும், ஒரத்துல பாதி ஆவியா வேற போயிரும். மத்தியான வெயில்ல வரப்புல நின்னா மூக்குல ஏறும்."

அது உண்மை. தேங்கிய வயல்நீரில் பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறும், அம்மோனியம் வாயுவாகித் தப்பிக்கும். ஐம்பது வருஷம் நெல் போட்டவருக்கு நான் அன்று பள்ளியில் கண்டுபிடித்த சமநிலை மூக்கிலேயே இருந்திருக்கிறது.

பேசிக்கொண்டே எழுந்து தொழுவத்துக்குப் போனார். மாடுகளை விற்றபிறகு அங்கே பழைய கல்தொட்டி மட்டும் கிடக்கிறது. கொசுவுக்காக எப்போதோ விட்ட கப்பி மீன்கள் அதில் பெருகிக் கிடக்கும். யாரும் தீனி போடுவதில்லை, யாரும் கழுவுவதுமில்லை. வாய்க்கால் தண்ணீரும் மழையும்தான். "இதுல எந்த மீனுல செத்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே கையை முழங்கைவரை விட்டு, பாசி பிடித்த கூழாங்கற்களையும் ஒரு கொத்து வேலம்பாசியையும் அள்ளி வாளியில் போட்டார். நான் மறுக்கவில்லை. நோய் ஏதும் வந்துவிடுமோ என்ற யோசனை இருந்தது. ஆனால் ஷ்லோசிங்கின் மண் கரைத்த நீர்தானே இது?

கற்களைப் பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் குழாய்த் தண்ணீர் வந்ததும் வாளிகளில் பிடித்து, ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த ஹைப்போ படிகம் சிறிது போட்டுக் குளோரினைப் போக்கி, நாள்தோறும் கால் தொட்டி மாற்றினேன். போர் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. தீனி முழுக்க நிறுத்தம். அம்மோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும் என்பதால் லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல்லுப்பு கரைத்து ஊற்றினேன். நைட்ரைட் செவுளுக்குள் நுழையும் வழியை உப்பின் குளோரைடு போட்டிபோட்டு மறித்துக்கொள்ளும். மகள் தினமும் ராத்திரி போனில் மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மூன்றாம் நாள் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "தாத்தா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

தாத்தா தினமும் காலையில் நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டார். டப்பாவைத் தொடவில்லை. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரே கேள்வி.

"போடலாமா?"

"இன்னிக்கு வேண்டாம்ப்பா."

நான்கு மீன்களும் அவர் கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். சாயங்காலம் நான் பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரின் நிறத்தைச் சொல்வேன். காப்பி, டீ, தேன், எலுமிச்சை என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உருவாகியிருந்தது. எட்டாம் நாள் எலுமிச்சை. பன்னிரண்டாம் நாள் குடிதண்ணீர் குழாயையும் தொட்டித் தண்ணீர் குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், எது எதுவென்று சொல்ல முடியவில்லை. இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"போடலாமா?"

"போடுங்கப்பா."

தீப்பெட்டிக் கூட்டை எடுத்தார். கோடுவரை நிரப்பினார். பிறகு தொட்டியைப் பார்த்துவிட்டு, நான்கு மீனுக்கு இது ஜாஸ்தி என்று பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டினார்.