ஆஜர்

2023 ஜனவரி 3. செவ்வாய்க்கிழமை நண்பகல். வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை கூடுகிறது. பிள்ளைகள் நல்ல உடுப்பில் வந்திருக்கிறார்கள். அப்பா பதவியேற்பதைப் பார்க்க வேண்டும், அம்மா பதவியேற்பதைப் பார்க்க வேண்டும்.

பதவிப் பிரமாணம் செய்துவைக்க சபாநாயகர் வேண்டும். சபாநாயகர் இன்னும் இல்லை. மேடையில் சபைச் செயலர் செரில் ஜான்சன் நிற்கிறார். சுத்தியல் அவர் கையில். ஓட்டு அவருக்குக் கிடையாது.

குடியரசுக் கட்சி 222. ஜனநாயகக் கட்சி 212. ஓர் இடம் காலி. எல்லோரும் ஒரு பெயரைச் சொன்னால் 218 போதும். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஜெஃப்ரீஸ். பெரும்பான்மை குடியரசுக் கட்சியிடம். அந்தக் கட்சியின் வேட்பாளர் கெவின் மெக்கார்த்தி சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சாமான்கள் சபாநாயகர் அறைக்கு ஏற்கெனவே போய்விட்டன.

தன் கட்சியில் நான்கு பேர் முறுக்கிக்கொண்டாலும் அவருக்குச் சேதமில்லை. ஐந்தாவது ஆள் போனால் கணக்கு உதைக்கும்.

பெயர் கூப்பிடுகிறார்கள். ஆங்கில அகரவரிசை. எழுந்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஆடம்ஸ்: ஜெஃப்ரீஸ். ஆடர்ஹோல்ட்: மெக்கார்த்தி. பிக்ஸ் எழுகிறார். தன் பெயரையே சொல்கிறார். பிஷப், போபர்ட், பிரெக்கீன். ஒருவர் வாயிலும் மெக்கார்த்தி இல்லை. அடுத்து 'சி' வரிசை. கிளவுட். அவரும் இல்லை.

ஐந்து ஆகிவிட்டது. இன்னும் 300 பெயருக்கு மேல் பாக்கி. ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்கள்.

முடிவு: ஜெஃப்ரீஸ் 212. மெக்கார்த்தி 203. மற்றவர்கள் 19. சிறுபான்மைக் கட்சியின் ஆள் முதலிடம். பலனில்லை. முதல் சுற்றில் சபாநாயகர் தேறாமல் போவது 1923-க்குப் பிறகு இதுதான் முதல் முறை.

இரண்டாம் சுற்று. ஜிம் ஜோர்டன் எழுந்து மெக்கார்த்தியை முன்மொழிகிறார். கட்சி ஒன்றுபட வேண்டும் என்கிறார். உட்காருகிறார். மேட் கேட்ஸ் எழுகிறார். ஜிம் ஜோர்டனை முன்மொழிகிறார். ஓட்டெடுப்பில் ஜோர்டன் மெக்கார்த்தி பெயரைச் சொல்கிறார். 19 பேர் ஜோர்டன் பெயரைச் சொல்கிறார்கள்.

மூன்றாம் சுற்றில் 19 பேர் 20 ஆகிறார்கள். சபை கலைகிறது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

சாதாரண நாளில் சபைக்குள் கேமரா எதைக் காட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. இப்போது கேமரா இஷ்டம்போல் திரும்புகிறது. ஜனநாயகக் கட்சியின் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், குடியரசுக் கட்சியின் பால் கோசாரோடு பேசுகிறார். அவரைக் கொல்வதுபோல ஒரு கார்ட்டூன் வீடியோவை வெளியிட்டதற்காக 2021-இல் இதே சபை கண்டித்தது கோசாரைத்தான். இருவரும் தலையாட்டிக்கொள்கிறார்கள்.

ஜனநாயகக் கட்சி வரிசைகளில் முகங்கள் மலர்ந்திருக்கின்றன. டெட் லியு பாப்கார்ன் பாக்கெட்டோடு படம் எடுத்துக்கொள்கிறார். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் முற்போக்கு அணியின் தலைவி. நடுவாந்தர அணியில் ஜாஷ் காட்ஹைமர். 2021 இலையுதிர் காலத்தில் சாலை, பாலத்துக்கான மசோதாவை எப்போது ஓட்டுக்கு விடுவது என்று இந்த இரண்டு அணிகளும் வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றன. இப்போது காட்ஹைமர்: ஜெஃப்ரீஸ். ஜெயபால்: ஜெஃப்ரீஸ். தோற்ற கட்சியில் சண்டை இல்லை.

எதிர்ப்பக்கம் குடியரசுக் கட்சிக்குள் ஐந்து அணிகள். கட்சிக்காரர்களே வைத்த பட்டப்பெயர் 'ஐந்து குடும்பங்கள்'. நியூயார்க் மாஃபியாவிடம் கடன் வாங்கிய பெயர். அதிகம் முரண்டு பிடிப்பது ஃப்ரீடம் காக்கஸ். 2015-இல் தொடங்கியது. முதல் தலைவர் ஜிம் ஜோர்டன். இன்று அவர் மெக்கார்த்தி பக்கம். அதே அணியின் மார்ஜரி டெய்லர் கிரீனும் மெக்கார்த்தி பக்கம். அதே அணியின் லாரன் போபர்ட் எதிர்ப்பக்கம். அணிக்குள்ளும் அணி.

புதன்கிழமை. நான்கு, ஐந்து, ஆறு. மூன்று சுற்றிலும் மெக்கார்த்தி 201. கலகக்காரர்கள் இப்போது நிறுத்தும் பைரன் டொனால்ட்ஸ் மூன்று சுற்றிலும் 20. விக்டோரியா ஸ்பார்ட்ஸ் யார் பெயரையும் சொல்வதில்லை. 'ஆஜர்' என்கிறார். உட்காருகிறார்.

வியாழன். ஏழு முதல் பதினொன்று வரை. ஏழாம் சுற்றில் கேட்ஸ் டொனால்ட் டிரம்ப் பெயரைச் சொல்கிறார். டிரம்ப் சபை உறுப்பினர் அல்லர். சபாநாயகர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமும் சொல்லவில்லை. அந்தச் சுற்றில் டிரம்புக்கு ஓர் ஓட்டு. டிரம்ப் ஆதரிப்பதோ மெக்கார்த்தியை.

பேரம் வெளியே நடக்கிறது. கொறடா டாம் எம்மரின் அறைக்குள் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். வாசலில் நிருபர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் மைக்குகள் நீள்கின்றன. விதிக்குழுவில் இடம் வேண்டும். செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். சபாநாயகரை நீக்கும் தீர்மானத்தை ஒற்றை உறுப்பினரே கொண்டுவர உரிமை வேண்டும். மெக்கார்த்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறார்.

வெள்ளிக்கிழமை. ஜனவரி 6. பன்னிரண்டாம் சுற்றில், அதுவரை எதிர்த்துவந்த சிப் ராய் எழுந்து மெக்கார்த்தி என்கிறார். கைதட்டல். மெக்கார்த்தி 213. முதல் முறையாக ஜெஃப்ரீஸைத் தாண்டுகிறார். காலையில் அறுவை சிகிச்சை முடித்த டேவிட் ட்ரோன், அடுத்த சுற்றுக்குக் கையில் கட்டோடு வந்து ஜெஃப்ரீஸ் என்கிறார். கேட்டி போர்ட்டர் ஆரஞ்சு அட்டைப் புத்தகம் ஒன்றைப் படிக்கிறார். எதையும் கண்டுகொள்ளாமல் இருப்பது எப்படி என்று சொல்லும் புத்தகம். அட்டை கேமராவுக்குத் தெரிகிறது.

இரவு பத்து மணி. பதினான்காம் சுற்று. டெக்சாஸில் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போயிருந்த வெஸ்லி ஹன்ட் விமானம் பிடித்து வந்துவிட்டார். கேட்ஸ் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பதில் இல்லை. விடுபட்டவர்களைக் கடைசியில் மறுபடி கூப்பிடுகிறார்கள். கேட்ஸ் 'ஆஜர்' என்கிறார். மெக்கார்த்தி 216. வேண்டியது 217.

மெக்கார்த்தி எழுந்து பின்வரிசைக்கு நடக்கிறார். கேட்ஸ் முன்னால் நிற்கிறார். கேட்ஸ் உட்கார்ந்தபடியே விரல் நீட்டிப் பேசுகிறார். பக்கத்தில் போபர்ட். சுற்றிலும் கோட்டுகள். மெக்கார்த்தி தலையைக் குனிந்துகொண்டு திரும்புகிறார். மெக்கார்த்தி ஆதரவாளர் மைக் ரோஜர்ஸ் கேட்ஸை நோக்கிப் பாய்கிறார். ரிச்சர்ட் ஹட்சன் பின்னாலிருந்து அவரை இழுக்கிறார். ஹட்சனின் கை ரோஜர்ஸின் வாயை மூடுகிறது. இத்தனையும் நேரலை.

கிரீன் ஒரு போனை நீட்டுகிறார். திரையில் இரண்டே எழுத்து: டி.டி. இணைப்பில் டிரம்ப். மேட் ரோசன்டேல் கையை வீசி வேண்டாம் என்கிறார்.

திங்கள்வரை ஒத்திவைக்கத் தீர்மானம் வருகிறது. ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. கேட்ஸ் முன்னால் போய் ஒரு சிவப்பு அட்டை எடுக்கிறார். சிவப்பு என்றால் 'இல்லை'. மெக்கார்த்தி கையிலும் சிவப்பு அட்டை. ஒத்திவைக்க ஓட்டுப் போட்டவர்கள் முட்டி மோதிக்கொண்டு ஓட்டை மாற்றுகிறார்கள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கூச்சல்.

பதினைந்தாம் சுற்று. நள்ளிரவு தாண்டிவிட்டது. பிக்ஸ்: ஆஜர். போபர்ட்: ஆஜர். கிரேன்: ஆஜர். கேட்ஸ்: ஆஜர். குட்: ஆஜர். ரோசன்டேல்: ஆஜர். ஆஜர் சொன்னவர்கள் பெரும்பான்மைக் கணக்கில் சேர மாட்டார்கள். 216 இப்போது போதும். அந்த ஆறு பேரில் ஒருவரும் மெக்கார்த்தியின் பெயரைச் சொல்லவில்லை.

ஜெஃப்ரீஸ் சுத்தியலை ஒப்படைக்கிறார். மெக்கார்த்தி தட்டிப் பார்க்கிறார். சுலபமாக முடிந்துவிட்டது என்று பேச்சைத் தொடங்குகிறார். சபை சிரிக்கிறது.

அக்டோபர் 3. அதே சபை. கேட்ஸ் கொண்டுவந்த நீக்கல் தீர்மானம். குடியரசுக் கட்சியின் 8 பேர் ஆதரவு. ஜனநாயகக் கட்சியின் 208 பேர் ஆதரவு. 216-க்கு 210. சபாநாயகர் ஒருவரை ஓட்டுப் போட்டு இறக்குவது இந்தச் சபையில் இதுவே முதல் முறை. தற்காலிகப் பொறுப்பேற்ற பேட்ரிக் மெக்ஹென்றி சுத்தியலை ஓங்கி அடிக்கிறார்.

கட்சி ஸ்டீவ் ஸ்கலீஸைத் தேர்ந்தெடுக்கிறது. அவர் விலகுகிறார். ஜோர்டனைத் தேர்ந்தெடுக்கிறது. சபையில் மூன்று சுற்றும் தோல்வி. எம்மரைத் தேர்ந்தெடுக்கிறது. சில மணி நேரத்தில் அவரும் விலகுகிறார். அக்டோபர் 25-இல் மைக் ஜான்சன் 220 ஓட்டு வாங்குகிறார். நாட்டில் பலருக்கு அவர் பெயரே புதிது.

2025 ஜனவரியில் புதிய சபை விதியை மாற்றுகிறது. நீக்கல் தீர்மானம் கொண்டுவர இனி ஒருவர் போதாது. பெரும்பான்மைக் கட்சியில் 9 பேர் சேர வேண்டும். மெக்கார்த்திக்கு எதிராக ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சிக்காரர்கள் 8 பேர்.