ஜார்ஜ் இன்னும் எங்கப்பாவும்

லண்டன்ல மூணு மாசம் ஆன்சைட் போட்டாங்க. போற பயலுக எல்லாம் பிக் பென் முன்னாடி நின்னு போட்டோ எடுப்பானுக. நமக்கு வாய்ச்சது சாராயக்கடை. அதுவும் 1677-ல கட்டினது :-)

சங்கரன்கோவில்காரனுக்கு அங்க என்ன ஜோலின்னு கேக்காதீங்க. டீம்ல ஒருத்தருக்குக் கடைசி நாள். "ஆணி புடுங்கினது போதும், வா"ன்னு டேமேஜர் இழுத்துட்டுப் போயிட்டார். நான் அதுவரைக்கும் ஒரு சொட்டு தொட்டதில்லை. காரணம் கீழ வருது.

கடை பேரு ஜார்ஜ் இன். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன்ல இறங்கி பரோ ஹை ஸ்ட்ரீட்ல நடந்தா, ஒரு சந்துக்குள்ள பெரிய முற்றம். 1676-ல அந்தப் பக்கம் பெரிய தீ விபத்து. பழைய சத்திரம் எரிஞ்சு போக, மறு வருஷமே திரும்பக் கட்டியிருக்காங்க. ரயில் வர்றதுக்கு முன்னாடி குதிரை வண்டிங்க வந்து நிக்கிற இடம், நம்ம பஸ் ஸ்டாண்டு மாதிரி. அப்புறம் ரயில்வே கம்பெனிக்காரன் 1889-ல முக்காவாசியை இடிச்சுத் தள்ளிட்டான். தெற்குப் பக்கம் மட்டும்தான் மிச்சம். மாடியில வெளிப்பக்கமா மரத் தாழ்வாரம் ஓடுது. இந்த மாதிரி சத்திரம் லண்டன்ல இது ஒண்ணுதான் பாக்கி. 1937-லேர்ந்து நேஷனல் டிரஸ்ட் கையில இருக்கு, கடையை நடத்துறது கிரீன் கிங்.

உள்ள தரை ஒரு பக்கமா சாயுது. குடிக்காமலே தள்ளாடலாம். உத்தரம் அவ்வளவு தாழ்வு, ஆறடி ஆளுங்க குனிஞ்சுதான் போகணும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

கேஸ்க் ஏல் அரை பைண்ட் வாங்கினேன். இதைப் பீப்பாய்க்குள்ளயே ரெண்டாவது தடவை நொதிக்க விடுறாங்க. கேஸ் அடைக்கிறதில்லை, கைப்பம்பால இழுத்து ஊத்துறாங்க. நிலவறைக் குளிர்ச்சிதான், சுமார் 12 டிகிரி. ஐஸ் மாதிரி இருக்கும்னு நெனச்சுப் போனவனுக்கு ஏமாற்றம். முதல் வாய் நிலவேம்புக் கசாயம். ரெண்டாவது வாய்ல கருகின ரொட்டி வாசம். மூணாவதுல, சரி பரவால்லன்னு ஆச்சு. பீப்பாயைத் திறந்தா மூணு நாள்ல காலி பண்ணணுமாம், இல்லேன்னா கெட்டுரும். நம்ம கள்ளு மாதிரிதான். கலயத்துல சுண்ணாம்பு தடவி இறக்கினா பதனி, தடவலேன்னா கள்ளு, நேரம் போகப் போகப் புளிச்சிரும்.

என் மார்க்கு: ஏலுக்குப் பத்துக்கு ஆறு. சாப்பாட்டுக்கு நாலு (உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டதுக்கு அந்த விலையா, அவ்வ்வ்). இடத்துக்கு ஒன்பது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல உட்கார இடம் தேடினதுக்கு ஒண்ணு கொறச்சாச்சு.

ஆனா சொல்ல வந்தது இது இல்லை.

முற்றத்துல ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்துச்சு. ஏழெட்டு வயசுப் பையன் மீனைத் தின்னுக்கிட்டே அவங்கப்பாகிட்ட கதை அடிச்சிட்டிருந்தான். அவர் கையில ஒரு பைண்ட். யாரும் யாரையும் திரும்பிப் பாக்கலை.

அந்த வயசுல நானும் கடை வாசல்ல நின்னிருக்கேன். சனிக்கிழமை தறிக்கூலி போடுவாங்க. ஏழு மணியாச்சுன்னா அம்மா "அப்பாவைக் கூட்டிட்டு வாடா"ன்னு அனுப்புவா. சுவரோரமா நின்னு, பிளாஸ்டிக் டம்ளர்ல ஒரே மடக்கா ஊத்திட்டு வாயைத் துடைப்பார். என்னைப் பாத்ததும் தலையைக் குனிஞ்சுக்குவார். மிச்சக் கூலியை நான்தான் வாங்கிட்டு வருவேன். குடிக்கவே கூடாதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணினது. நான் காலேஜ் மூணாம் வருஷம் படிக்கிறப்ப மஞ்சக்காமாலை வந்து, அவரும் நிறுத்திட்டார். அதைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் பேசினதில்லை.

வெளிய வந்து கொஞ்ச தூரம் நடந்தா, மார்ஷல்சீங்கிற பழைய கடன்காரர் சிறையோட ஒரு சுவர் நிக்குது. 1824-ல சார்லஸ் டிக்கன்ஸோட அப்பாவை அங்கதான் அடைச்சாங்க. பையனுக்குப் பன்னிரண்டு வயசு, ஷூ பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுற வேலை. பின்னாடி 'லிட்டில் டோரிட்'ல அந்தச் சிறையையும் எழுதினார், இந்த ஜார்ஜ் கடை பேரும் அதுல வருது. அதுக்கு முன்னாடியே அதே அப்பாவை மிக்காபர்னு 'டேவிட் காப்பர்ஃபீல்ட்'ல கொண்டு வந்துட்டார். படிக்கிறவன் சிரிப்பான், கோவப்பட மாட்டான். அவ்வளவு பட்டவருக்கு அது எப்படி முடிஞ்சுதுன்னு அந்தச் சுவர் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னேன்.

பப் எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரலை. திரும்பிப் போறப்ப அதே தெருவுல ஒருத்தன் சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தான். அவன் வீட்லயும் யாரோ காத்துக்கிட்டுதான் இருந்திருப்பாங்க.

மறுநாள் காலையில அப்பாவுக்கு போன் போட்டேன். "நேத்து ஒரு கடைக்குப் போனேன்பா. அரை கிளாஸ் குடிச்சேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னாடி தறிச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. திட்டுவார்னு நெனச்சேன்.

"உக்காந்து குடிக்க எடம் இருந்துச்சாலே?"

"இருந்துச்சுப்பா."

"ம்... அதோட நிறுத்திக்க. அம்மாகிட்ட சொல்லாத."

முதல் தடவையா ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிட்டோம்.